தோளிலிருந்து இடுப்புக்கு

நாற்பத்தெட்டு வயதில் என் வலது கை மேலே போக மறுத்தது. முதலில் கொடியில் துணி போட முடியவில்லை. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட முடியவில்லை. கடைசியில் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக்கூட இடது கையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது, இந்த வயதுப் பெண்களுக்கு வருவதுதான், மெதுவாகச் சரியாகும், ஆனால் பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

எங்கள் பட்டறை கணபதியில் இருக்கிறது. வீட்டுக்காரர் பம்புகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறார். பில் போடுவதும் போன் எடுப்பதும் என் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறையிலிருந்து கிளம்பி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த அந்தச் சின்னக் கிளினிக்குக்குப் போவேன். கதவு நிலையின் மேல் ஒரு கப்பி தொங்கும். அதில் ஓடும் கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்தால், வலிக்கிற கை மறுமுனையைப் பிடித்தபடி மேலே ஏறும். ஏறும்போது கண்ணில் தண்ணீர் வரும்.

அந்தக் கப்பிக்காகக் காத்திருந்தபோதுதான் அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு முன்னால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். பர்தாவின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார். நல்ல உயரம், நல்ல பருமன். அவருக்கு இடது தோள்.

"ஏன் அம்மணி, உனக்கும் பின்னால ஊக்கு மாட்ட முடியலியா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"முடியலீங்க்கா."

"அப்ப யாரு மாட்டி உடறாங்க?"

"ஊட்டுக்காரர்தானுங்க."

"பரவால்லியே! எங்க ஊட்டு மனுசன் ஊக்குன்னா மீன் பிடிக்கற கொக்கியான்னு கேப்பாரு" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கயிறு கையை விட்டு நழுவி, கப்பி கடகடவென்று சுற்றியது.

அக்கா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கோட்டைமேட்டில் வீடு. டவுன்ஹால் பக்கம் அவர் வீட்டுக்காரருக்குப் பை, சூட்கேஸ் கடை. ஒரே மகள் கல்யாணமாகி ஷார்ஜாவில் இருந்தாள். எனக்கு ஒரே மகன், சென்னையில் வேலை. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் காலையில் யாருக்கும் டிபன் டப்பா கட்டித்தர வேண்டியதில்லை. அதனால் கையை வீசி நடக்கச் சொன்ன பிசியோதெரபிஸ்ட்டின் பேச்சைக் கேட்டு, இருவரும் காலையில் வாலாங்குளத்துக் கரையில் நடக்க ஆரம்பித்தோம்.

கோயமுத்தூரில் மேற்கே பார்த்தால் மலை. வெயில் நாட்களில் அது இருப்பதே மறந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் அதன் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் அப்பாவின் தோட்டத்தில் இருந்தும் மலை தெரியும். தண்ணீர் கட்டும்போதும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தேன். ஆனால் மலைமேல் ஏறி, அங்கேயே ஒரு ராத்திரி தங்கி, அடுத்த மலைக்கு நடந்து போவது என்பது எனக்குத் தெரிந்து யாரும் செய்யாத காரியம். அதை ஒருநாள் நடக்கும்போது அக்காவிடம் சொன்னேன்.

அவர் நின்றுவிட்டார். "என்னைப் பாரு. பொறந்ததும் பை யாவாரி ஊடு, வாக்கப்பட்டதும் பை யாவாரி ஊடு. ஹஜ்ஜுக்குப் போறவங்களுக்கு, காலேஜுக்குப் போறவங்களுக்கு, துபாய் போறவங்களுக்குன்னு ஊருக்கெல்லாம் பை குடுத்துருக்கோம். நான் ஒரு பையை எடுத்துட்டு எங்க போனேன், சொல்லு?"

"ஷார்ஜா போனீங்களே."

"போனேன். பையைக் காரு தூக்குச்சு, ஏரோப்ளேன் தூக்குச்சு, எறங்குனா மருமகன் தூக்குனாரு. அதெல்லாம் கணக்கா?"

அன்றைக்கே அவர் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுவிட்டார். அந்தப் பெண் லீவு கிடைத்தால் மலையேறப் போகிறவள். பனிமலை முன்னால் அவள் நிற்கும் படம் ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

"நாங்க இந்த மாதிரி போலாமா கண்ணு?"

"தாராளமா போலாமுங்க. கை சரியாகட்டும்."

"கை சரியானாலும், தோள்ல பையைப் போட்டா மறுபடியும் புடிச்சுக்குமே?"

"தோள்ல எதுக்குங்க தூக்கறீங்க? இடுப்புல தூக்குங்க" என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக.

மறுநாள் தன்னுடைய பையைக் கொண்டுவந்தாள். கிளினிக்கில் காலில் கட்டிப் பயிற்சி செய்யும் மணல் மூட்டைகளையெல்லாம் அதற்குள் போட்டாள். என் முதுகில் மாட்டியதும் தோள் முனகியது. பிறகு இடுப்பில் இருந்த அகலமான பட்டையை இழுத்து முன்னால் பக்கிளைப் பூட்டினாள். தோள்வார்களைக் கொஞ்சம் தளர்த்தினாள். தளர்த்தியதும், தோள்மேல் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. வாருக்கும் தோளுக்கும் நடுவே அவள் தன் கையை நுழைத்துக் காட்டினாள். பாரம் எங்கேயும் போகவில்லை. இடுப்பெலும்பின் மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது.

அக்கா பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நாப்பது வருசமா கடையில இருக்கோம். பையில இந்த பெல்ட்டு எதுக்கு வெக்கறான்னு யாரும் சொல்லல பாரு."

மலைக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது அந்த நிமிஷம்தான். அதுவரை மலை பார்க்கிற பொருளாக இருந்தது. அதன்பிறகு இரண்டு வருஷமாக அது தூங்கவிடவில்லை.

அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். அவர் கடையில் பள்ளிக்கூடப் பைகளும் உருட்டிக்கொண்டு போகும் சூட்கேஸ்களும்தான் இருந்தன. பெங்களூரில் தெரிந்தவரிடம் சொல்லி, எடை குறைந்த மலையேற்றப் பைகள் இரண்டை எங்களுக்காக வரவழைத்தார். கையில் எடுத்தால் தலையணை உறை கணக்காக இருந்தது. இடுப்புப் பட்டையைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். இரண்டு பைக்கும் நடுத்தர அளவுப் பட்டையே வந்திருந்தது.

அக்கா வீட்டு மாடி ஹாலில் சோபாக்களை ஒதுக்கிவிட்டு மாட்டிப் பார்த்தோம். பாரத்துக்கு என் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்த தேங்காய்களை உரிக்காமல் போட்டு, இடையில் அரிசிப் பொட்டலங்களை அடைத்தோம். அக்காவுக்குப் பட்டையின் பஞ்சு வைத்த பகுதி இடுப்பின் பக்கவாட்டிலேயே முடிந்துவிட்டது. எலும்பின் மேட்டுக்கு முன்னால் வெறும் நாடாதான். பக்கிளைப் பூட்டியபோது நாடா வயிற்றுக்குள் புதைந்தது. எனக்கோ நேர்மாறு. இரண்டு பக்கத்துப் பஞ்சும் முன்னால் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதற்குமேல் இறுக்க இடமில்லை. நான்கு அடி நடந்ததும் பட்டை சரிந்து தொடைக்கு வந்தது.

"உன்னோடதை வெட்டி என்னோடதுல ஒட்டுனா சரியாப் போகும்" என்றார் அக்கா.

அளவு எடுப்பதுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அளவு எதுவும் சொல்லாமலேதான் பைகளை வரவழைத்திருந்தோம்; பட்டை பாவாடை கட்டும் இடத்தில் நிற்கும் என்றுதான் நினைத்திருந்தோம். பிசியோதெரபிஸ்ட் போனில் சொன்னாள்: கையைப் பக்கவாட்டில் வைத்து அழுத்தினால் எலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும், அதற்குக் கொஞ்சம் கீழே சுற்றி டேப் வைக்க வேண்டும். நான் மண்டி போட்டு அக்காவுக்கு அளவெடுத்தேன். கூச்சம் தாங்காமல் அவர் நெளிந்தார்.

"அக்கா, ஆடாதீங்க."

"டெய்லர் தவிர யாரு என்னை இந்த எடத்துல டேப்பு வெச்சுப் பாத்துருக்கா? இங்கயா எலும்பு? கொளுப்புக்குள்ள தேடு, கெடைக்கும்."

கிடைத்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "மகளைத் தூக்கி வெச்சுருந்த எடம் இது. நாலு வயசு வரைக்கும் எறங்கவே மாட்டா. அப்ப வலிச்சதா என்ன?" என்றார்.

எந்தப் பட்டை என்பதில் எங்களுக்குள் பல நாள் பேச்சு ஓடியது. தடித்த பஞ்சுப் பட்டை, மெல்லிய பட்டை, பக்கத்துக்கு ஒரு சின்ன ஜிப் பை வைத்த பட்டை என்று மூன்று வகை உண்டு. எடை குறைந்த பை தூக்குகிறவர்கள் மெல்லியதைத்தான் எடுப்பார்கள், ஒவ்வொரு கிராமும் கணக்கு என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"அது பதினெட்டு வயசுப் புள்ளைங்களுக்கு. எனக்கு மெத்து மெத்துன்னு வேணும். ரெண்டு பக்கமும் பை வேணும். ஒண்ணுல வறுகடலை, ஒண்ணுல தஸ்பீஹ் மணி. நடந்துட்டே ஓதலாம், நடந்துட்டே திங்கலாம்."

எனக்கு வேறு கவலை. மகன் பிறந்தபோது செய்த ஆபரேஷனின் தழும்பு மேல் நாடா அழுத்துமா என்று தெரியவில்லை. ஒல்லியான இடுப்பில் தடித்த பட்டை வளையாமல் பலகை மாதிரி நிற்கவும் செய்தது. ஆனால் தோளை நினைத்தால் தடித்ததுதான் பாரத்தை நன்றாகத் தாங்கும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது யோசித்தால், முடிவுக்கு வர இருவருக்குமே அவசரம் இல்லை. பட்டையைப் பற்றிப் பேசும் வரை மலையைப் பற்றிப் பேசலாம்.

அக்காவின் பெரிய அளவுப் பட்டை முதலில் வந்தது. தடித்தது, இரண்டு பக்கமும் பை வைத்தது. என் சின்ன அளவு கைவசம் இல்லை, வந்ததும் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை என் நடுத்தரப் பட்டைக்குள் ஒரு துண்டை மடித்து வைத்துச் சமாளித்தேன். அப்படியே ஒருநாள் வால்பாறை போனோம்.

வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனோம், ஆனால் திருட்டுத்தனமாகப் போகிற மாதிரி இருந்தது. பொள்ளாச்சியில் பஸ் மாறி, ஆழியாறு தாண்டி, வளைவு வளைவாக ஏறியபோது அக்கா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். ஒரு எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த நிறுத்தம் வரை தேயிலைக்கு நடுவே போகும் தார்ச்சாலையில் பையோடு நடப்பது என்பதுதான் எங்கள் திட்டம். காட்டுக்குள் போக அனுமதி வேண்டும், எங்களுக்குச் சாலையே போதும்.

தூறல். பஞ்சு மாதிரி மேகம் சாலையைக் கடந்து போனது. அக்கா பர்தாவுக்கு மேலேயே பட்டையைப் பூட்டியிருந்தார். முதலில் துணி சுருண்டு ஏறியது. ஒரு பாறை ஓரம் நின்று, துணியை நன்றாகக் கீழே இழுத்துவிட்டு, இடுப்பை லேசாகத் தூக்கிக் குலுக்கி மறுபடி பூட்டினார். பிறகு அவர் நடந்த நடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குளத்துக் கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்பவர், ஏற்றத்தில் என்னை விட்டுவிட்டு முன்னே போய்க்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எஸ்டேட் பெண்கள் இரண்டு பேர் எங்களை வழிமறித்தார்கள்.

"எங்கம்மா போறீங்க, மூட்டையைக் கட்டிக்கிட்டு?"

"சும்மா நடக்க வந்தோம்" என்றேன்.

"சும்மாவா? உள்ள என்ன?"

"தேங்காயும் அரிசியும்" என்றார் அக்கா.

அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கீழே இருந்து தேங்காயைச் சுமந்துகொண்டு மலைக்கு வந்து, அதையே திரும்பச் சுமந்துகொண்டு கீழே போகிறவர்களை அவர்கள் பார்த்ததில்லை. அக்கா பையை அவிழ்த்து ஆளுக்கு இரண்டு தேங்காய் கொடுத்தார். "பாரம் கொறைஞ்சு போச்சுங்க்கா, பயிற்சி வீணாப் போகும்" என்று நான் சொன்னதற்கு, "நடந்தது நடந்ததுதான்" என்றார். பஸ் வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் தோளில் சாய்ந்து நான் தூங்கிப்போனேன். வலித்த அந்தத் தோள்தான். அவர் எழுப்பவில்லை.

அந்த வாரமே உத்தரகாண்டில் ஐந்து நாள் நடைக்கு ஒரு குழுவில் இருவர் பெயரையும் கொடுத்தோம். கூடாரத்துக்கு இரண்டு பேர். நாங்கள் ஒரே கூடாரம்.

கிளம்ப ஏழு மாதம் இருக்கும்போது ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. மகள் உண்டாகியிருந்தாள். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்கா அன்று குளத்துக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது மாடி ஹாலில் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் மலையேற்றப் பையும் இருந்தது. அதற்குள் பிள்ளைக்கான வெள்ளைத் துணிகளையும், வறுத்து அரைத்த மாவுப் பொட்டலங்களையும், ஊறுகாய் டப்பாக்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"புள்ளை பொறந்து நாப்பது நாள் கழிஞ்சதும் வந்துருவேன் அம்மணி. இந்தத் தடவை இல்லாட்டி அடுத்த தடவை. நீ போய்ட்டு வா."

"நீங்க இல்லாம எப்படீங்க்கா?"

"எப்படின்னா? கால் உன்னோடது, பையி உன்னோடது. நான் எதுக்கு?"

விமான நிலையத்துக்குப் போகும் காரில் ஏறும்போது அந்தப் பையை முதுகில் மாட்டி, பட்டையைப் பூட்டியிருந்தார். அண்ணா பெட்டியைத் தூக்க வந்தார். பையை மட்டும் அவர் தரவில்லை.

என் சின்ன அளவுப் பட்டை அவர் போனபிறகுதான் வந்தது. தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. இரண்டில் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம். படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நின்று மாற்றி மாற்றி மாட்டினேன். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ளே, பையைக் கழுதை மேல ஏத்திவிடலாம்னு அந்தக் குழுக்காரங்களே சொல்றாங்கல்ல. அப்பறம் எதுக்கு இத்தனை பாடு?"

"ஏனுங்க, தூக்கறதுக்குத்தானுங்க போறேன்."

அவர் எழுந்து வந்து, பட்டறையில் இரும்பைச் சரிபார்க்கும் அதே முகத்தோடு என் இடுப்பைச் சுற்றிவந்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. அக்காவைக் கேளு" என்றார்.

வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே வெளிச்சமான ஒரு சமையலறை. அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"போனைக் கீழ எறக்கு. இன்னும் கீழ. மூஞ்சியை யாரு பாத்தா, இடுப்பைக் காட்டு. திரும்பு. பக்கத்துல… ம், இது தடிச்சது, வளையல பாரு, முன்னால எடைவெளி தெரியுது. மெல்லிசைப் போடு."

போட்டேன். மெல்லியது எலும்போடு ஒட்டி வளைந்தது.

"எறுக்கு. தழும்புல படுதா?"

"இல்லீங்க்கா. அதுக்கு மேல நிக்குது."

"குதி பாக்கலாம்."

பையோடு குதித்தேன். பட்டை இறங்கவில்லை.

"அதான். அது உனக்குன்னே தெச்சது" என்றார். உள்ளே மகள் கூப்பிடும் குரல் கேட்டது. "வாரேன் கண்ணு" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, என்னிடம், "பை இல்லியே அதுல, வறுகடலையை எங்க வெப்ப?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது.

நான் போனேன். ரயிலில் டில்லி, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு ராத்திரி, பிறகு மலை. கூடாரத்தில் என்னோடு புனேயிலிருந்து வந்த பெண் இருந்தாள். நல்ல பெண். எங்களுக்குள் பேச மொழிதான் போதவில்லை. முதல் நாள் பட்டையைப் பயத்தில் அளவுக்குமேல் இறுக்கிவிட்டதில், இடுப்பின் இரண்டு பக்கமும் சிவந்து தடித்துப்போனது. மறுநாள் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விட்டுப் பூட்டினேன். ஏற்றத்தில் இறுக்கம், இறக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கம், நிற்கும்போது தளர்வு என்று கை தானாகவே நாடாவைத் தேடிப் போக ஆரம்பித்தது. தோள் ஒருமுறைகூட வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் தேவதாருக் காட்டைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தோம். புல்லும் பாறையும் மட்டும். எதிரே முழுவதும் பனி. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் பின்னால் திரும்பி, "அக்கா, இங்க பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். புனேப் பெண் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அருகில் வந்து, சிரித்து, நான் காட்டிய இடத்தைப் பார்த்தாள். நல்லது, யாராவது ஒருவர் பார்த்தார்கள். ஆனால் அந்த மலை முன்னால் எனக்கு வந்த பசி அடங்கவே இல்லை. எவ்வளவு பார்த்தாலும் பாதிதான் பார்த்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கி சிக்னல் வந்ததும் படங்களை அனுப்பினேன். ராத்திரி அவர் குரல் பதிவு வந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, பெண், தாயும் பிள்ளையும் நலம் என்பது முதலில். பிறகு ஒரு மூச்சு. பிறகு, "படத்துல உன் பெல்ட்டு கொஞ்சம் கோணலா இருக்குது பாரு, வலப்பக்கம் ஏறியிருக்குது" என்றார். டில்லி வரும் வரை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

நாற்பது கழிந்தது. அக்கா வரவில்லை. மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். பிறகு அண்ணாவும் போய்விட்டார். கடையை வாடகைக்கு விட்டார்கள். அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா அவ்வப்போது கூப்பிடுவார். ஒருமுறை மூச்சு வாங்கியபடி பேசினார். என்னங்க்கா என்றேன்.

"படி ஏறிட்டு இருக்கேன். இங்க மலையா இருக்குது? பன்னெண்டு மாடி இருக்குது. புள்ளை தூங்கற நேரத்துல பையில தண்ணி பாட்டிலா அடுக்கி, பெல்ட்டைப் பூட்டி, கீழ எறங்கி மேல ஏறுறேன். லிப்ட்டுல போறவங்க பொம்பளைக்குக் கிறுக்குன்னு பாக்கறாங்க."

"எதுக்குங்க்கா?"

"எதுக்குன்னா? அடுத்த தடவைக்குத்தான்."

அடுத்த தடவை வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் குழுவில் பெயர் கொடுக்கும்போது அவரிடம் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், மகளுக்கு மாற்றல், அண்ணாவுக்குக் கண் ஆபரேஷன். நான் மட்டும் போய்வந்தேன். குளத்துக்கரையிலும் நான் மட்டும்தான் நடக்கிறேன். எதிரே பருமனாக, கறுப்பு உடையில் யாராவது கையை வீசி வந்தால் நடை தானாகவே வேகமாகும். கிட்டே வந்ததும் குறையும்.

இந்த வருஷம் ரம்ஜானுக்குப் பிறகு அக்கா அண்ணாவோடு மூன்று வாரம் வந்திருந்தார். சொந்தக்காரர்கள், விருந்து, கடை வாடகைப் பேச்சு என்று நாள் ஓடிவிட்டது. வால்பாறை போவோம் என்று இரண்டு முறை நாள் குறித்தோம். இரண்டு முறையும் தள்ளிப்போனது. கிளம்பும் நாள் காலையில் போன் செய்தார். "ஒரு மணி நேரம் இருக்குது. கொளத்துக்கு வாரேன்" என்றார்.

இளைத்திருந்தார். முழங்காலுக்கு உறை போட்டிருந்தார். பேத்தி இடுப்பை விட்டு இறங்குவதில்லை என்றும், அவளைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற பழக்கம் வந்துவிட்டது என்றும் சொன்னார். முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்ததால் மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி நடந்தோம்.

"நான் இனிமே வர மாட்டேன்னு நெனைக்கிறியா?" என்றார் திடீரென்று.

"இல்லீங்க்கா."

"நான் நெனைக்கிறேன்" என்றார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு, "ஆனா கேக்கணும்னு இருக்குது. போட்டோ பாத்துட்டேன், அது ஆகாது. மொதல்ல இருந்து சொல்லு. அந்த மூணாம் நாளு. கூடாரத்துல எந்திரிச்சதுல இருந்து. எதையும் உட்டுறாத" என்றார்.

சொன்னேன். கூடாரத்துக்குள் மூச்சுக்காற்று உறைந்து துணியில் பொடியாக ஒட்டியிருந்ததை. ஷூவுக்குள் கால் போக மறுத்ததை. டீ ஊற்றிய டம்ளரைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் நின்றதை. பட்டையின் பக்கிள் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்ததால் அதைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகு பூட்டியதை. "எத்தனை எறுக்கு?" என்றார். "ஒரு வெரல் நுழையற அளவுக்குங்க." "ம், அப்பறம்?" காட்டில் மரங்கள் எவ்வளவு உயரம், கீழே என்ன கிடந்தது, பறவை கத்தியதா, யார் முன்னால் போனார்கள், நான் எங்கே மூச்சு வாங்கினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கும்போது அவர் நடை மாறியிருந்தது. காலை ஊன்றி, இடுப்பை நேராக வைத்து, ஏற்றத்தில் நடக்கிற மாதிரி நடந்தார்.

ஒரு சுற்று முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்டோம். நான் இன்னும் காட்டைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்திருக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணா நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு சுத்துப் போலாமுங்களா அக்கா?" என்றேன்.

அக்கா அண்ணாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நட" என்றார்.